லாண்ட்மாஸ்டர் எங்கே பிறந்தது?



உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஊர்க்கதை பேசும்போது "லாண்ட்மாஸ்டர்" என்ற சொல்லைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். "லாண்ட்மாஸ்டரில்தான் நெல் மூட்டை கொண்டு போனோம்", "சித்தப்பா லாண்ட்மாஸ்டர் ஓடப் பழகி வேலிக்குள்ள விட்டவர்" என்று ஏதாவது ஒரு கதை எல்லா வீட்டிலும் இருக்கும். ஈஸ்ட் ஹாமில் வளர்ந்த எனக்கு அது ஒரு தமிழ்ச் சொல் போலவே பழகிப் போயிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது இரண்டு சில்லு மட்டும் உள்ள சின்ன உழவு இயந்திரம். முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் நீண்ட இரண்டு கைபிடிகள். வயலில் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு பெட்டியைக் கொழுவினால் அதுவே வண்டி. நெல், விறகு, தண்ணீர்த் தாங்கி, கல்யாணத்துக்குப் போகும் சனம், எல்லாம் அதில் போகும்.

அந்தச் சொல்லின் பின்னால் நான் போனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பம் செய்த ஒரு பிழை அது. அதில் என் பங்கு பெரியது. அதையே முதலில் சொல்கிறேன்.

பெரியப்பாவின் புது உழவு இயந்திரம்

2012ல், கிளிநொச்சியில் இருக்கும் பெரியப்பாவுக்கு ஒரு உழவு இயந்திரம் வாங்கிக் கொடுப்பது என்று லண்டனில் இருந்த நாங்களும் டொரொண்டோவில் இருந்த மாமாவும் முடிவெடுத்தோம். பெரியப்பாவின் வயல் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைவது. போர் முடிந்து அவர்கள் திரும்பிப் போனபோது வீடும் இல்லை, பழைய லாண்ட்மாஸ்டரும் இல்லை. காசு சேர்த்தோம். "நீதானே என்ஜினியரிங் படிச்சனீ, நீயே பார்த்துச் சொல்லு" என்று தெரிவு செய்யும் வேலையை என்னிடம் தந்தார்கள்.

நான் அப்போதுதான் முதுகலைப் பட்டம் முடித்திருந்தேன். கணினியில் ஒரு அட்டவணை போட்டேன். குதிரை வலு, எடை, விலை, உத்தரவாதக் காலம் என்று ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, நாலு சில்லுள்ள ஒரு சின்ன இயந்திரத்தைத் தெரிவு செய்தேன். பெரியப்பாவிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பணம் போனது. இயந்திரம் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. மாலை போட்டுப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

இரண்டு போகம் போனது. மூன்றாவது போகத்தில் எஞ்சின் கறுப்பாகப் புகைக்கத் தொடங்கியது, பிறகு இழுவை குறைந்தது. கராஜில் கழற்றிப் பார்த்தால் சிலிண்டரின் உட்சுவர் எல்லாம் கீறல். தூசி உள்ளே போயிருக்கிறது.

காரணம் காற்று வடிகட்டி. எஞ்சின் எரிபொருளோடு சேர்த்து ஏராளமான காற்றையும் உறிஞ்சும். வன்னியில் கோடையில் உழும்போது அந்தக் காற்று முழுக்கப் புழுதி. அதைத் தடுப்பதுதான் வடிகட்டி. பழைய லாண்ட்மாஸ்டர்களில் அது ஒயில் ஊற்றி வைக்கும் ஒரு கிண்ணம். புழுதி அந்த ஒயிலில் ஒட்டிக்கொள்ளும். கிழமைக்கு ஒரு தடவை கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது ஒயில் ஊற்ற வேண்டும். பெரியப்பா முப்பது வருடமாக அதைத் தவறாமல் செய்தவர். புது இயந்திரத்தில் இருந்ததோ மடிப்பு மடிப்பான காகித வடிகட்டி. அதைத் தட்டித் தூசி போக்கலாம், பழுதானால் மாற்றலாம். மண்ணெண்ணெயில் கழுவினால் காகிதம் கெட்டுவிடும். பெரியப்பா அதையும் கழுவினார்.

லண்டன் வரவேற்பறையில் இந்தச் செய்தி வந்தபோது ஒருவர் சொன்னார்: "அவையளுக்கு ஒண்டையும் வைச்சுப் பாவிக்கத் தெரியாது." நானும் தலையாட்டினேன்.

அடுத்த நாள் பெரியப்பா தொலைபேசியில் வந்தார். "தம்பி, நான் கழுவாமல் விட்டிருந்தால் பிழை எண்டு சொல்லு. கிழமைக்கு ஒருக்கா கழுவினனான். அது பிழை எண்டு ஆர் எனக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. விற்றவர்கள் திறப்பையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பைக்குள் கைநூல், முழுக்க ஆங்கிலத்தில். அது அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அதை வாசிக்கக்கூடிய நான் லண்டனில் இருந்தேன். எனக்கும் வாசிக்கத் தோன்றவில்லை.

இயந்திரம் வாங்குகிறவருக்கு அதைப் பராமரிக்கச் சொல்லிக் கொடுப்பது யாருடைய வேலை? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பழைய கதைகளைத் தேடினேன். முதல் பதில், நான் தினமும் வேலைக்கு ரயிலில் கடந்து போகும் இடத்திலேயே கிடைத்தது.

டகனம்: கைபிடி சுற்றிய லண்டன் பெண்கள்

பார்க்கிங்கைத் தாண்டினால் டகனம் டொக் ரயில் நிலையம் வரும். அந்தப் பக்கம் தேம்ஸ் கரையில் ஃபோர்ட் தொழிற்சாலை 1931ல் திறக்கப்பட்டது. அங்கே கார் செய்தது எல்லோருக்கும் தெரியும். 1933 முதல் 1964 வரை உழவு இயந்திரமும் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அயர்லாந்தின் கோர்க் நகரத்திலிருந்து ஃபோர்ட்சன் உழவு இயந்திரத் தயாரிப்பு டகனத்துக்கு வந்தது. 1964ல் அது எசெக்ஸில் உள்ள பசில்டனுக்குப் போனது. இன்று நம்மவர்கள் பலர் குடியிருக்கும் தெருக்களில் அன்று உழவு இயந்திரம் செய்தவர்கள் குடியிருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. உணவு ஏற்றிவரும் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் தாக்கின. நாட்டுக்குள்ளேயே அதிகம் விளைவிக்க வேண்டும், ஆனால் ஆண்கள் போர்முனையில். இதை எதிர்பார்த்து, பெண்கள் நிலப்படை என்ற அமைப்பை அரசு போருக்குச் சற்று முன்பே மீண்டும் தொடங்கியிருந்தது. 1943ல் அதில் 80,000க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். பலர் நகரத்துப் பெண்கள், கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்தவர்கள், வயலையே அதுவரை மிதிக்காதவர்கள். அவர்களில் பலருக்குக் கொடுக்கப்பட்ட இயந்திரம் டகனத்தில் செய்த ஃபோர்ட்சன்.

அவர்களுக்கு ஓட்ட மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது என்று அப்போதே தெரிந்திருந்தது. எசெக்ஸில் போரம் என்ற ஊரில் ஒரு பெரிய மாளிகையை ஹென்றி ஃபோர்ட் 1930களில் வாங்கியிருந்தார். அங்கே விவசாயப் பொறியியல் கல்லூரி ஒன்று நடந்தது. போர்க்காலத்தில் நிலப்படைப் பெண்கள் அங்கும் வேறு பயிற்சி நிலையங்களிலும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டவும், கிறீஸ் பூசவும், ஒயில் மாற்றவும் கற்றார்கள்.

அந்த ஃபோர்ட்சனில் ஒரு விசேஷம். அது ஓடியது மண்ணெண்ணெய் போன்ற ஒரு மலிவான எரிபொருளில். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் முதலில் சின்னத் தாங்கியிலிருந்து கொஞ்சம் பெற்றோல் விட்டு, கைபிடியைச் சுற்றி எஞ்சினைத் தொடக்க வேண்டும். நன்றாகச் சூடானதும் ஒரு குழாயைத் திருப்பி மற்ற எரிபொருளுக்கு மாற்ற வேண்டும். எரியாமல் மிஞ்சிய எரிபொருள் மெல்ல வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். அதனால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். இதை ஒருவர் சொல்லித் தராவிட்டால் எஞ்சின் சீக்கிரம் போய்விடும்.

இந்தப் பெற்றோல், மண்ணெண்ணெய் விசயத்தை மறந்துவிடாதீர்கள். திரும்பி வருவேன்.

கொவென்றி: ஒரே ஒரு ஸ்பானர்

அடுத்தவர் ஹரி ஃபெர்குசன். வட அயர்லாந்து விவசாயி ஒருவரின் மகன். அவர் வடிவமைத்த சின்னச் சாம்பல் நிற இயந்திரத்தின் பெயர் டிஈ 20. 1946 முதல் 1956 வரை கொவென்றியில் பானர் லேன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதற்கு முன்பு கலப்பையைச் சும்மா ஒரு வண்டியைப் போல இழுத்தார்கள். ஃபெர்குசன் அதை மூன்று இடத்தில் இயந்திரத்தோடு பூட்டி, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கவும் இறக்கவும் வைத்தார். அதனால் எடை குறைந்த சின்ன இயந்திரமே பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்தது. இன்று உலகில் ஓடும் உழவு இயந்திரங்களில் பெரும்பாலானவை அந்த மூன்று புள்ளிப் பூட்டைத்தான் வைத்திருக்கின்றன. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4ல் தென் துருவத்தை அடைந்ததும் இந்த ஃபெர்குசன் இயந்திரங்களில்தான்.

எனக்குப் பிடித்தது வேறொரு விசயம். ஃபெர்குசன் தன் இயந்திரத்தோடு ஒரு ஸ்பானர் கொடுத்தார். விவசாயி வயலில் செய்ய வேண்டிய பூட்டல், கழற்றல், சரிசெய்தல் எல்லாவற்றையும் அந்த ஒன்றாலேயே செய்யலாம். அதன் உடம்பில் அங்குல அளவும் பொறித்திருந்தது. அதையே அளவுகோலாக வைத்துக் கலப்பையைச் சரிசெய்யலாம். இயந்திரத்தை வரையும்போதே, அதைத் திருத்தப்போகும் கையையும் நினைத்திருக்கிறார்.

கருவி கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. 1940களின் பிற்பகுதியில், கொவென்றிக்குப் பக்கத்தில் ஸ்டோன்லி என்ற இடத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி நடந்தது. விற்பனையாளர்களும் விவசாயிகளும் வெளிநாட்டவர்களும் அங்கே வந்து படித்தார்கள். ஃபெர்குசனின் நிறுவனம் 1953ல் கனடாவின் மாசி ஹரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. அதிலிருந்து வந்ததுதான் உங்கள் அப்பாமார் சொல்லும் "மாசி". 1960ல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கி, மாசி ஃபெர்குசனை இந்தியாவிலேயே செய்தது. பிறகு அவை கடல் தாண்டி இலங்கைக்கும் வந்தன.

கொவென்றித் தொழிற்சாலை 2002ல் மூடப்பட்டது. அங்கே செய்த இயந்திரங்கள் இன்னும் எத்தனையோ வயல்களில் ஓடுகின்றன.

ஹக்னல்: நம்முடைய சொல் பிறந்த ஊர்

இனி லாண்ட்மாஸ்டர். அது நொட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஹக்னல் என்ற சின்ன ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தின் பெயர். மண்ணைக் கிளறும் சின்ன இயந்திரங்களை அவர்கள் செய்தார்கள். நம்முடைய அம்மம்மாமார் வாயில் இருந்த சொல் ஒரு ஆங்கிலத் தொழிற்சாலையின் பெயர்ப்பலகையில் இருந்தது.

அதை இலங்கை வயலோடு இணைத்தவர் ரே விஜேவர்தன. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்த சிங்களவர். விமானம் ஓட்டினார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டார். 1950களில் சின்ன வயல்களுக்கு ஏற்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். அது நொட்டிங்ஹாமில் லாண்ட்மாஸ்டர் என்ற பெயரில் செய்யப்பட்டது. பிறகு ஜப்பானின் குபோட்டா வந்தது, சீன இயந்திரங்கள் வந்தன. ஆனால் சனம் எல்லாவற்றையும் லாண்ட்மாஸ்டர் என்றே கூப்பிட்டது.

பல வருடம் கழித்து அவரே தன் இயந்திரத்தைக் குறை சொன்னார். எருமை செய்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றினேனே தவிர விவசாயத்தை முன்னேற்றவில்லை என்பது அவருடைய கருத்து. பிறகு நைஜீரியாவில் இபதான் நகரத்து ஆய்வு நிலையத்தில், உழாமலே பயிர் செய்யும் முறைகளில் வேலை செய்தார். 2010ல் காலமானார். தான் செய்ததைத் திரும்பிப் பார்த்துப் பிழை சொன்ன அந்தப் பொறியியலாளரை நினைத்தபோது, வரவேற்பறையில் தலையாட்டிய என்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை நொட்டிங்ஹாமுக்கு ரயிலில் போய், அங்கிருந்து டிராமில் ஹக்னலுக்குப் போனேன். லாண்ட்மாஸ்டர் இப்போது அங்கே செய்யப்படுவதில்லை. ஊரின் பழைய தேவாலயத்தில் கவிஞர் பைரனும் அவருடைய மகள் அடா லவ்லேசும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். உலகின் முதல் கணினி நிரலை எழுதியவர் என்று பலர் சொல்லும் அதே அடாதான். கணினி வேலை செய்து பிழைக்கும் எனக்கும் வயல் செய்து பிழைக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஒரு ஊர் இருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பெரியப்பாவுக்குப் படம் அனுப்பினேன். "இந்த ஊரிலயோ செய்தவங்கள்?" என்று கேட்டுவிட்டு, கனநேரம் பேசாமல் இருந்தார்.

மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணம்

பெரியப்பாவுக்கு வைத்துப் பாவிக்கத் தெரியாது என்று சொன்னோமே, அது எவ்வளவு பெரிய பொய் என்று இப்போது பாருங்கள்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றறி, உதிரிப் பாகங்கள் எல்லாம் தடையிலும் கட்டுப்பாட்டிலும் இருந்தன. ஆனாலும் மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் ஓடின. எப்படி? கொஞ்சம் பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். டகனம் ஃபோர்ட்சனில் நிலப்படைப் பெண்கள் செய்த அதே வேலை. அவர்களுக்கு அதற்கென்று செய்த இயந்திரமும் பயிற்சிப் பள்ளியும் இருந்தன. நம்மவர்கள் பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினில், பள்ளி இல்லாமல், கைநூல் இல்லாமல் செய்தார்கள்.

அந்தக் காலத்தில் இரண்டு சில்லு டீசல் இயந்திரம் ஏன் பெறுமதியானது தெரியுமா? கைபிடி சுற்றித் தொடக்கலாம், பற்றறி தேவையில்லை. ஒரே ஒரு சிலிண்டர், அதைக் கராஜில் திறந்து திருத்தலாம். 2008லும் 2009லும் வன்னியில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூரைத் தகடு முதல் சமையல் பாத்திரம் வரை அந்தப் பெட்டிகளில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியில் எஞ்சின் நின்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். ஒரு ஒயில் கிண்ணத்தைக் கிழமைக்கு ஒரு தடவை கழுவுவது என்றால் அதுதான் அர்த்தம்.

ஆகவே பெரியப்பாவிடம் அறிவு இருந்தது. அது பழைய இயந்திரத்தின் அறிவு. புது இயந்திரத்தின் அறிவு பெட்டிக்குள் பூட்டி, அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது. அதைக் கொண்டு சேர்ப்பது எங்கள் வேலை. நாங்கள் காசை மட்டும் கொண்டு சேர்த்தோம்.

இரண்டாவது தடவை

பழைய இயந்திரத்தின் சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்ரன் போட்டு ஓட வைத்தோம். 2018ல் பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா, தன் வயலுக்கு ஒரு இரண்டு சில்லு இயந்திரம் வாங்க நினைத்தார். இந்த முறை நான் அட்டவணை போடவில்லை. அக்காவிடம் கேட்டேன், என்ன வேண்டும் என்று. "கிளிநொச்சியிலேயே பாட்ஸ் கிடைக்க வேணும். நானே கழற்றிப் பூட்ட வேணும்" என்றார்.

செய்யும் தொழிற்சாலைக்குப் போக முடியாது, அது வேறு நாட்டில். ஆனால் விற்பவரின் வேலைத்தளத்துக்குப் போகலாம். அக்காவும் பெரியப்பாவும் காசு கொடுப்பதற்கு முன்பே போனார்கள். நான் தொலைபேசித் திரையில் இருந்தேன். அக்கா காற்று வடிகட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். பிறகு தானே கழற்றினார், தானே பூட்டினார். டீசல் தீர்ந்து குழாயில் காற்று ஏறினால் அதை எப்படி வெளியேற்றுவது என்று பெரியப்பா கேட்டார். பதில் அவருக்கு நன்றாகத் தெரியும். விற்பவருக்குத் தெரியுமா என்று பார்த்தார்.

கைநூலை நான் வாசித்து, பகுதி பகுதியாகத் தமிழில் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதரையில் நிறுத்தி ஒயில் அளவு பார்ப்பது. புது எஞ்சினின் முதல் ஒயிலைச் சொன்ன மணிக்கணக்கில் மாற்றுவது. டீசல் வடிகட்டியின் அடியில் சேரும் தண்ணீரை வடிப்பது. பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று பெருவிரலால் அமத்திப் பார்ப்பது. சேற்று உழவு முடிந்த அன்றே கழுவி, கிறீஸ் பூசுவது. என் உச்சரிப்பைக் கேட்டு அக்காவின் பிள்ளைகள் சிரித்தார்களாம். பரவாயில்லை.

உங்களில் பலர் இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பீர்கள். ஊருக்குக் காசு அனுப்பும் முறை இனி உங்களிடம் வரும். தண்ணீர்ப் பம்பியாக இருக்கலாம், தையல் மெசினாக இருக்கலாம், கணினியாக இருக்கலாம். அனுப்புவதற்கு முன்பு பாவிக்கப்போகிறவரிடம் கேளுங்கள்: உங்களுக்கு எது வேண்டும்? பழுதானால் யார் திருத்துவார்? பாகம் எங்கே கிடைக்கும்? எந்த மொழியில் கைநூல்? வாங்குமுன் போய்ப் பார்த்து, ஒரு தடவை கழற்றிப் பூட்டிப் பார்க்க விடுவார்களா?

அடுத்த முறை வீட்டில் யாராவது "லாண்ட்மாஸ்டர்" என்று சொன்னால், அதை யார் ஓட்டினார், யார் திருத்தினார் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வையுங்கள். எனக்கும் அனுப்புங்கள், பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.